புரியாமல் முடியும் காதல் அனிமேயைப் பற்றி வாதாடுவது எப்படி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் மூன்று ஜப்பானிய அனிமேஷன் படங்களின் முடிவோ முக்கியத் திருப்பமோ வெளிப்படையாக வருகிறது: 'ஃபைவ் சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்', 'லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட்', 'தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்'. ஸ்பாய்லர் வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றில் எதுவுமே இரண்டு மணி நேரம் ஓடாது, கடைசியாகச் சொன்னது வெறும் 46 நிமிடம்.

இந்த மாதிரிப் படம் ஒன்று முடிந்ததும் நண்பர்களுக்குள் கிளம்பும் சண்டையை நிறைய பார்த்திருக்கிறேன், நானே ஆரம்பித்தும் வைத்திருக்கிறேன். சேர்ந்தார்களா இல்லையா, அது காதலா நட்பா, கடைசியில் வந்தது அவள்தானா. பத்தே நிமிடத்தில் படம் காணாமல் போய்விடும், யாருக்கு ரசனை இல்லை, யார் வாழ்க்கையில் அடிபட்டவர் என்ற பேச்சு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் நன்றாக வாதாடினால் இந்தப் படங்கள் தனியாகப் பார்த்தபோது தராத எதையோ தருகின்றன. நன்றாக வாதாடுவதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: அர்த்தத்தைச் சொல்வதற்கு முன்னால், கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். கீழே வருவதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

எடுத்துக்காட்டாக, 2007-இல் வந்த மகோதோ ஷின்காயின் ஃபைவ் சென்டிமீட்டர்ஸ் படத்தின் கடைசிக் காட்சி. சிறுவயதில் அகாரி என்ற தோழியை விரும்பிப் பிரிந்த தகாகி, வளர்ந்த பின் ஒரு ரயில்வே கேட்டைக் கடக்கிறான், எதிரே ஒரு பெண் வருகிறாள், இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகிறார்கள், அப்புறம் இருவரும் மெல்லத் திரும்ப ஆரம்பிக்கிறார்கள், முகம் தெரியும் முன் ரயில் குறுக்கே வந்துவிடுகிறது. அது போனதும் எதிர்த்திசையில் இன்னொன்று. இரண்டும் போன பிறகு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவன் லேசாகச் சிரிக்கிறான், திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான் திரையில் இருப்பது. 'அவள் அவனை மறந்துவிட்டாள்', 'அவன் கடைசியில் விடுபட்டுவிட்டான்', 'அது அகாரியே இல்லை, அவன் மனம் காட்டிய உருவம்' என்பதெல்லாம் நாம் அதன்மேல் கட்டுவது. கட்டக்கூடாது என்று சொல்லவில்லை, கட்டுவதற்காகத்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். எது செங்கல், எது நம் கை வேலை என்று தெரிந்து கட்ட வேண்டும், அதுதான் விஷயம்.

இதற்கு ஒரு எளிய பயிற்சி. வாதம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் கடைசி இரண்டு நிமிடத்தை நினைவிலிருந்து தனித்தனியாக எழுதட்டும், அப்புறம் அந்தக் காட்சியைச் சேர்ந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நான் இதை முதன்முறை செய்தபோது என் தாளில் ஒரே ஒரு ரயில்தான் இருந்தது. இரண்டாவது ரயில் என் நினைவில் இல்லவே இல்லை. ஆனால் அந்த இரண்டாவது ரயில்தான் காத்திருப்பை நீட்டுகிறது. அவள் போவதற்கு நேரம் கொடுப்பது அது, அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான் என்று நமக்குக் காட்டுவதும் அது. அதை விட்டுவிட்டு நான் இத்தனை நாள் எதை வைத்து வாதாடினேன் என்று எனக்கே கலக்கமாகிவிட்டது. பாதிச் சண்டைகள் இப்படி ஆளுக்கொரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு போடும் சண்டைகள்தான், ரீவாட்ச் பண்ணினாலே கரைந்துவிடும்.

சரி, மீதிப் பாதி? அங்கே எந்தக் கேள்வியைப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. அந்தப் பாத்திரத்தின் மனதில் என்ன இருந்தது என்பது வேறு. படம் அதை எப்படிப் பார்க்கிறது என்பது மூன்றாவது. 'அகாரி வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்' என்பது முதல் கேள்விக்கு விடை, படத்தில் அதற்குத் தெளிவான தடயம் இருக்கிறது. 'அதனால் இது சோகப் படம்' என்று அடுத்த மூச்சில் சொல்பவர் மூன்றாவது கேள்விக்குத் தாவிவிட்டார், நடுவில் பாலம் இல்லை. யாராவது தாவுவதைப் பார்த்தால் மெதுவாகக் கேளுங்கள்: 'நடந்ததைச் சொல்றீங்களா, அவன் உணர்ந்ததைச் சொல்றீங்களா?' இந்த ஒரு கேள்வி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

'இது சரியா' என்பது இன்னொரு கேள்வி. கார்டன் ஆஃப் வேர்ட்ஸில் தகாவோவுக்கு 15 வயது, யுகினோவுக்கு 27, அவள் அவன் படிக்கும் பள்ளியின் ஆசிரியை என்பது பின்னால் தெரிகிறது. இதைப் பற்றி ஒருவர் கடுமையாகப் பேச விரும்பினால் பேச விடுங்கள், அது நியாயமான பேச்சு. ஆனால் 'யுகினோ அவனை எப்படிப் பார்த்தாள்' என்ற கேள்விக்கு 'அது தப்பு' என்பது பதில் ஆகாது, 'அது தப்பு' என்பதற்கு 'படம் அழகு' என்பதும் பதில் ஆகாது. இரண்டையும் தனித்தனி வேளையில் பேசினால் இரண்டுமே நன்றாக நடக்கும்.

அடுத்தது மொழி, இதில்தான் கொஞ்சம் நீளமாக நிற்கப் போகிறேன். நம்மில் பெரும்பாலானோர் ஜப்பானிய ஒலியைக் கேட்டுக்கொண்டே ஆங்கில சப்டைட்டிலைப் படித்துவிட்டுத் தமிழில் சண்டை போடுகிறோம். நடுவில் இருக்கும் ஆங்கிலம் ஒவ்வொரு வரியிலும் ஒரு முடிவு எடுத்துவிட்டுத்தான் நம்மிடம் தருகிறது. ஜப்பானியத்தில் ஒருவர் 'சுகி' என்றால் ஆங்கிலத்துக்கு 'லைக்' போடுவதா 'லவ்' போடுவதா என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். தமிழில் அந்தக் கட்டாயமே இல்லை. 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று நாம் சொல்வதும் 'சுகி'யும் கிட்டத்தட்ட ஒரே அகலம் கொண்டவை: நண்பனிடம் சொல்லலாம், பாட்டைப் பற்றிச் சொல்லலாம், நடுங்கும் குரலில் ஒருத்தியிடம் சொன்னால் அதுவே காதல்.  அதோடு எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவதும் இரண்டு மொழிக்கும் இயல்பு. 'பிடிக்கும்' என்று மட்டும் ஒருவர் சொன்னால் யாருக்கு, எதை என்று கேட்பவர்தான் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் அந்த இடத்தை மொழிபெயர்ப்பாளர் நிரப்பிவிடுவார். ஆகவே ஒரு வரியை வைத்து வாதம் சூடாகும்போது அந்த வரியை ஒருமுறை காதால் கேளுங்கள். 'சுகி'யா, ரொம்பப் பிடிக்கும் என்னும் 'தாய்சுகி'யா, காதலிக்கிறேன் என்று அபூர்வமாக மட்டுமே வாயில் வரும் 'ஐஷிதேரு'வா? அப்புறம் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கில வரி முடித்துவைத்த ஒரு விஷயம் தமிழில் திறந்தே இருக்கும், சில சமயம்.

இது வெறும் நுணுக்கம் பேசும் ஆசை என்று நினைக்க வேண்டாம். இவாஞ்சலியன் என்ற அனிமே தொடரில் கவோரு என்னும் பையன் ஷின்ஜி என்னும் இன்னொரு பையனிடம் சொல்லும் ஒரு 'சுகி', பழைய ஆங்கிலப் பதிப்பில் 'லவ்' என்று இருந்தது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் புதிய மொழிபெயர்ப்போடு வந்தபோது 'லைக்' ஆனது, அந்த ஒரு சொல்லுக்காக உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். இரண்டு பேர் வேறுவேறு பதிப்பைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் அவர்கள் வேறுவேறு கதையைத்தான் பார்த்திருக்கிறார்கள். எந்த சப், எந்த டப் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

விளிக்கும் பெயரையும் கவனியுங்கள், சப்டைட்டிலில் இது பெரும்பாலும் காணாமல் போகும். ஃபைவ் சென்டிமீட்டர்ஸில் அகாரி தகாகியைத் 'தகாகி-குன்' என்கிறாள் ('குன்' என்பது பையன்களின் பெயரோடு சேர்க்கும் ஒட்டு), அது அவன் சொந்தப் பெயர். இரண்டாம் பகுதியில் அவனை விரும்பும் பள்ளித் தோழி கனாயே அவனைத் 'தோனோ-குன்' என்கிறாள், அது குடும்பப் பெயர். அவனும் அவளை 'சுமிதா' என்று குடும்பப் பெயரிலேயே கூப்பிடுகிறான். 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு எப்போது வந்தார்கள் என்று கவனிக்கத் தெரிந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. கனாயேவுக்கு வாய்ப்பு இருந்ததா என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தக் கூப்பிடும் பெயரைத்தான்.

மொழியைப் போலவே காட்சிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்கு என் வழி, ஒரு படிமம் இரண்டாவது முறை வரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு முதல் முறைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பது. சிறுமி அகாரி செர்ரிப் பூ இதழ் உதிர்வதைப் பார்த்துப் பனி மாதிரி இருக்கிறது இல்லையா என்கிறாள். பிறகு இவாஃபுனே என்ற ஊரில், பல மணி நேரம் தாமதமான ரயிலில் தகாகி வந்து சேர்ந்த அந்த இரவில், பூவே இல்லாத செர்ரி மரத்தடியில் நிஜப் பனி விழும்போது அதே வரியைச் சொல்கிறாள். முதல் முறை கண்முன் இருந்தது பூ, பனி உவமை. இரண்டாம் முறை இருப்பது பனி, பூவை அவர்கள் நினைவிலிருந்து கொண்டுவருகிறார்கள். அந்த வயதிலேயே அவர்கள் இல்லாததைப் பார்க்கப் பழகிவிட்டார்கள் என்று நான் வாசிப்பேன். நீங்கள் வேறு மாதிரி வாசிக்கலாம், ஆனால் இருவரும் ஒரே வரியில் கை வைத்துப் பேசுகிறோம், அது போதும். தனேகாஷிமா தீவில் ராக்கெட்டை ஏற்றிப் போகும் வண்டியைப் பார்த்துக் கனாயே 'மணிக்கு 5 கிலோமீட்டராம்' என்று சொல்லும்போது தகாகி சட்டென்று அவளைப் பார்ப்பதும் இப்படித்தான். அவளுக்கு அது வெறும் தகவல், அவனுக்கு அது நொடிக்கு 5 சென்டிமீட்டர், செர்ரி இதழ் விழும் வேகம் என்று அகாரி சொன்னது. அகப்பாடல்களில் மனதைச் சொல்லாமல் நாரையையும் மீனையும் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள் இல்லையா, உள்ளுறையை எடுத்துப் பழகிய மனதுக்கு இந்தப் படங்கள் அந்நியமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாம் பகுதி முழுக்க கனாயேவின் கதை. தகாகி கைபேசியில் யாருக்கோ எதையோ தட்டிக்கொண்டே இருப்பதை அவள் பார்க்கிறாள், அது தனக்கு வரக்கூடாதா என்று ஏங்குகிறாள், அவை அனுப்பப்படாத செய்திகள் என்பது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். 'தகாகி கல்நெஞ்சன்' என்று சொல்பவர் பெரும்பாலும் கனாயேவின் கண்ணை வாங்கிக்கொண்டு பேசுகிறார். 'பாவம் தகாகி' என்பவர் அவன் கண்ணை. இரண்டும் படம் தருபவைதான், எதை வாங்கினோம் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் எதிராளி ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதும் புரிந்துவிடும்.

இப்போது கடினமான வகைக்கு வருவோம், காதலா நட்பா என்னும் வகை. கியோட்டோ அனிமேஷனில் நவோகோ யமாதா இயக்கி 2018-இல் வந்த லிஸ் அண்ட் தி ப்ளூ பேர்ட், இதற்கு நான் அறிந்ததில் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. பள்ளி இசைக்குழுவில் மிசோரே ஓபோ என்னும் ஊதுகருவி வாசிக்கிறாள், நோசோமி புல்லாங்குழல். கடைசிப் பகுதியில் மிசோரே நோசோமியைக் கட்டிக்கொண்டு உன் சிரிப்பு பிடிக்கும், பேச்சு பிடிக்கும், காலடிச் சத்தம் பிடிக்கும், கூந்தல் பிடிக்கும் என்று அடுக்குகிறாள். நோசோமியின் பதில்: மிசோரேவின் ஓபோ எனக்குப் பிடிக்கும்.

இங்கே லேபிளில் ஆரம்பித்தால் வாதம் செத்துவிடும். 'இது காதல்தான்' என்பவரும் 'வெறும் தோழமை' என்பவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள், இருவருமே மிசோரேவின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நோசோமியின் ஒற்றை வரியைத் தாண்டிப் போகிறார்கள். அந்த வரியில் உட்காருங்கள். அது மறுப்பா? 'உன்னை' என்று கேட்டவளுக்கு 'உன் வாசிப்பை' என்று கொடுப்பது மறுப்பு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் முன்னால்தான் மிசோரே முழு வீச்சில் வாசித்ததைக் கேட்டு, தன்னால் அந்த உயரத்தைத் தொட முடியாது என்று நோசோமி உடைந்து போயிருந்தாள். அப்படிப்பட்டவள் 'உன் ஓபோ பிடிக்கும்' என்று சொல்வது அவளுக்கு எத்தனை வலித்திருக்கும்? எனக்கு அது அந்தப் படத்தின் மிகப் பெரிய கொடை, அதே சமயம் கதவைச் சாத்துவதும் அதுதான். இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன என்றுதான் நான் நினைக்கிறேன், ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாட்டேன். படத்தின் தொடக்கத்தில் திரையில் 'டிஸ்ஜாயின்ட்' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது, முடிவருகே அதில் 'டிஸ்' மட்டும் அடிக்கப்படுகிறது. சேர்ந்துவிட்டார்கள் என்பதற்கு இதுவே ஆதாரம் என்று ஒருவர் சொல்வார். அடித்த பிறகும் அந்த எழுத்துகள் கோட்டுக்கு அடியில் தெரிகின்றனவே என்று நீங்கள் சொல்லலாம்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது, நான் எந்த விளக்கத்துக்கும் வைப்பது: உங்கள் விளக்கத்துக்கு மிகவும் சங்கடமான காட்சி எது? அதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், எதிராளி எடுப்பதற்கு முன்னால். தகாகி விடுபட்டுவிட்டான் என்பது உங்கள் கட்சியா, அப்படியென்றால் அவன் ஏன் இரண்டு ரயிலும் போகும் வரை நின்றான் என்று விளக்க வேண்டும். அவன் இன்னும் அகாரியிலேயே சிக்கியிருக்கிறான் என்றால் அந்தச் சிரிப்பை விளக்க வேண்டும். சங்கடமான காட்சியை 'அது சும்மா ஸ்டைலுக்கு' என்று தள்ளிவிடும் விளக்கம், எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஏற்புடையதில்லை.

வெளியிலிருந்து கொண்டுவரும் சாட்சிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஃபைவ் சென்டிமீட்டர்ஸுக்கு ஷின்காய் தானே எழுதிய நாவல் இருக்கிறது, 2010-இல் தொடங்கிய மங்கா (ஜப்பானிய சித்திரக்கதை) இருக்கிறது, 2025-இல் ஜப்பானில் நடிகர்களை வைத்து எடுத்த படமும் வந்துவிட்டது. மங்காவில் கனாயேவின் கதை இன்னும் தூரம் போகிறது. இதையெல்லாம் கணக்கில் எடுக்கிறோமா இல்லையா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், நடுவில் 'மங்கா படிச்சா தெரியும்' என்று ஒருவர் வாயடைப்பது நன்றாக இருக்காது. என் பழக்கம், படத்தைப் பற்றிய வாதத்தில் படம்தான் முதல் சாட்சி, மற்றவை பக்கத்து வீட்டுச் சாட்சிகள். இயக்குநர் பேட்டியும் அப்படித்தான். என்ன நினைத்து எடுத்தார் என்பதற்கு அது நல்ல ஆதாரம், திரையில் அது வந்திருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். பாட்டுக்கும் இதே கவனம் வேண்டும். முடிவில் வரும் 'ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்' மசயோஷி யமசாகி பாடி 1997-இலேயே வெளிவந்தது, படத்துக்குப் பத்து ஆண்டு முந்தையது. எங்கே போனாலும் உன்னையே தேடுகிறேன் என்று அது பாடுகிறது, அதை வைத்து 'தகாகி இன்னும் தேடுகிறான்' என்று சாதிப்பவர்கள் உண்டு. பாட்டு இவனுக்காக எழுதப்பட்டதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதை ஏன் அந்த இடத்தில் வைத்தார்கள் என்று கேட்டால் பேச்சு நல்ல திசையில் போகும்.

பேசும் விதம் பற்றி ஒன்றே ஒன்று. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டுப் பேசுபவர் பாதி நேரம் தன் கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார். அனுப்பாத செய்தி யாருக்குத்தான் இல்லை? 'அவள் திரும்பியிருக்க வேண்டும்' என்று ஒருவர் குரல் உயர்த்திச் சொன்னால், அடுத்த ஆதாரத்தை எடுத்து வீசாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவர் மேலே பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் வேறு காட்சிக்குப் போங்கள். ஒரு சிநேகிதி என்னிடம் ஒருமுறை அந்த ரயில்வே கேட் காட்சியைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதாடினாள், அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவே ஒன்றரை மணி நேரம் ஆனது, அதற்குள் நான் அவளை ஆறேழு இடத்தில் 'தோற்கடித்திருந்தேன்'. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கடைசியில் ஓட்டெடுப்பு வைக்காதீர்கள், எண்ணிக்கை எதையும் சொல்லாது. அதற்குப் பதில் ஒவ்வொருவரும் தங்கள் விளக்கத்தை நாலு வரியில் எழுதி, தேதி போட்டு, எந்தக் காட்சி தங்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பதையும் கீழே குறித்து வையுங்கள். எந்த சப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சில வருடம் கழித்து அதே படத்தைப் போடும்போது அந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசி ரயில் போய் முடியும் வரை அதைப் பிரிக்க வேண்டாம்.